பாட்டையே செபமாக்கிய புலவர்: தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார்

மார்கழித் திங்கள் பிறந்துவிட்டால் நம் சாணார்பட்டி வட்டாரத்துச் சிற்றூர்களில் இரவுநேரப் பசனைக் குழுக்கள் புறப்படுவதை நாம் அனைவரும் அறிவோம். ஒருவர் கையில் விளக்கு, மற்றொருவர் கையில் சால்ரா, இன்னொருவர் தோளில் மத்தளம். பனியில் நனைந்துகொண்டு வீடு வீடாகப் பாடிச் செல்லும் அந்தப் பிள்ளைகளின் குரல் கேட்டு, வேறு சமயத்தாரும் கதவைத் திறந்து நின்று கேட்பது நம் தெருக்களின் வழக்கம். எழுத்தறியாத நம் தாய்மார்கள் அப்பாடல்களை ஓரெழுத்துப் பிழையின்றிப் பாடுவார்கள். அவற்றுள் சிலவற்றைப் பாடியவர் யார் என்று கேட்டால் மட்டும் பெரும்பாலோர் மௌனமாகிவிடுவர்.

அப்பாடல்களில் பலவற்றுக்கு ஆசிரியர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். தமிழின் முதல் புதினமாகிய பிரதாப முதலியார் சரித்திரத்தை 1879இல் வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளையோடு இவரை மாணவர்கள் குழப்பிக்கொள்வதுண்டு. அவர் வேறு, இவர் வேறு. இவர் அவருக்கு அரை நூற்றாண்டு முன்னே பிறந்தவர்.

நமது கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மலரில் இவருடைய வரலாற்றை எழுத நாம் முன்வந்தமைக்குக் காரணங்கள் இரண்டு. கலையைத் தொழிலாகவோ புகழுக்கான வழியாகவோ கொள்ளாமல், இறைவனை நோக்கிய வேண்டுதலாகவே கொண்டு எண்பத்தொன்பது ஆண்டுகள் வாழ்ந்தவர் அவர் என்பது ஒன்று. அதே மனிதர், நம் முன்னோர் தமக்குச் சமமாக ஆலயத்தில் அமர்வதை எதிர்த்து எழுதியவர் என்பது மற்றொன்று. முன்னதை மட்டும் சொன்னால் அது துதி. பின்னதை மட்டும் சொன்னால் அது வசை. இரண்டையும் சொன்னால்தான் அது வரலாறு. பள்ளியாசிரியராகிய நாம் பிள்ளைகளுக்கு வரலாற்றையே தரக் கடமைப்பட்டவர்கள்.

இளமையும் கல்வியும்

வேதநாயகம் 1774ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள் திருநெல்வேலியை அடுத்த பாளையங்கோட்டையில், வேளாளர் குலத்தில் பிறந்தார். தந்தையார் தேவசகாயம், கிறிஸ்தவ சமயத்தைத் தழுவியவர். சிறுவனுக்கு வயது பன்னிரண்டு நிரம்புமுன், 1785இல், தஞ்சையில் பணியாற்றிவந்த சுவார்ட்ஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்தார். செர்மானியரான சுவார்ட்ஸ் 1750இல் தரங்கம்பாடியில் கரையிறங்கித் திருச்சிராப்பள்ளியிலும் தஞ்சையிலும் தொண்டாற்றியவர். மன்னரும் குடிமக்களும் ஒருங்கே மதித்த பெரியார். அவர் சிறுவனின் அறிவுக்கூர்மையைக் கண்டு, தந்தையின் இசைவோடு தஞ்சைக்கு அழைத்துச் சென்று வளர்ப்பு மகனைப்போல் பேணினார்.

ஆதரிக்கும் கை ஒன்று கிடைத்தால் ஒரு பிள்ளையின் வாழ்வு எவ்வாறு திசைமாறும் என்பதற்கு இது நல்ல சான்று. அத்தகைய கை நம் பிள்ளைகளுக்குப் பல தலைமுறைகளாகக் கிடைக்காமற்போனதையும் இவ்விடத்தில் நினைத்துக்கொள்ளாமல் இருக்க இயலவில்லை. நமது சங்கம் தோன்றியதன் காரணமே அதுதான் அன்றோ!

தஞ்சையில் வேதநாயகம் தமிழிலக்கியத்தையும் திருமறையையும் கற்றார். பின்னர்த் தரங்கம்பாடிக்குச் சென்று இறையியலோடு கணிதம், வானியல், பூகோளம் முதலியவற்றையும் பயின்றார். இருபது வயதை எட்டுமுன்னரே தஞ்சைப் பள்ளியில் தலைமையாசிரியர் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. சுவார்ட்ஸ் ஐயரின் அரவணைப்பில் வளர்ந்த மற்றோர் இளைஞர் தஞ்சை மராத்திய அரசமரபைச் சேர்ந்த சரபோஜி. 1798இல் பெப்ரவரி 13ஆம் நாள் சுவார்ட்ஸ் மறைந்தார். அவ்வாண்டிலேயே சரபோஜி அரியணை ஏறினார். ஒருவர் மன்னர், மற்றவர் புலவர். ஆயினும் ஆசான் ஒருவரே என்ற உறவு இருவரையும் இறுதிவரை பிணைத்திருந்தது. தம் ஆசானின் இறுதி நாளைச் சித்திரிக்கும் பளிங்குச் சிற்பம் ஒன்றை இங்கிலாந்துச் சிற்பியைக்கொண்டு செய்வித்துச் சரபோஜி தஞ்சை ஆலயத்தில் நிறுவினார். மன்னர் கல்லில் செலுத்திய நன்றியைப் புலவர் சொல்லில் செலுத்தினார்.

களத்துமேட்டுப் பாட்டு ஆலயம் புகுந்த வரலாறு

சாஸ்திரியாருக்கு முன்னரே தமிழில் கிறிஸ்தவ இலக்கியம் உண்டு. இத்தாலியரான வீரமாமுனிவர் 1726இல் தேம்பாவணி என்னும் காப்பியத்தை இயற்றினார். அது கற்றோர் போற்றும் பெருநூல். ஆயினும் உழுபவரும் நெய்பவரும் எடுத்துப் பாடத்தக்க எளிய நடையில் அமைந்ததன்று. சாஸ்திரியார் வேறு வழியில் சென்றார். மக்கள் வாயில் ஏற்கெனவே வழங்கிய வடிவங்களை எடுத்துக்கொண்டார்.

அவற்றுள் தலையாயது குறவஞ்சி. திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியை நம் மாணவர்கள் பாடமாகப் படித்திருப்பர். தலைவனின் உலாவைக் கண்டு காதல்கொண்ட தலைவிக்கு மலைக்குறத்தி வந்து கை பார்த்துக் குறிசொல்வாள். அவளைத் தேடி அவள் கணவன் சிங்கன் பறவை பிடிக்கும் வலையோடு வருவான். இந்த அமைப்பைச் சிதைக்காமல் சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சியைப் பாடினார். அங்கே தலைவி திருச்சபை; தலைவன் கிறிஸ்து. குறிசொல்லும் குறத்தி விசுவாசத்தின் உருவம். சிங்கன் போதகர், அவன் வீசும் வலை நற்செய்தி, அதில் அகப்படும் பறவைகள் மனித ஆன்மாக்கள். கோள்களின் இயக்கத்தையும் உலகின் கண்டங்களையும் பற்றித் தாம் கற்ற புதிய அறிவியலையும் அந்நூலிலேயே பாட்டாக வடித்தார். ஆங்கிலக் கல்வி நாட்டில் பரவாத காலத்தில், வானநூலை மக்கள் மெட்டில் பாடிய ஆசிரியர் அவர்.

இளைஞர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சமுதாயம் ஊருக்கு வெளியே நிறுத்திவைத்த குறத்தியின் வாயிலேதான் விசுவாசத்தின் சொல் வைக்கப்பட்டிருக்கிறது. பல்லக்கில் செல்பவளுக்கு, கூடை சுமப்பவள் மீட்பின் செய்தியைச் சொல்கிறாள். பாடிய புலவர் இதன் முழுப்பொருளையும் தம் வாழ்வில் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம். ஆயினும் பாட்டு அதைச் சொல்லிவிட்டது.

குறவஞ்சியோடு அவர் நிற்கவில்லை. நீரிறைப்போர் களைப்புத் தெரியாமலிருக்கப் பாடும் ஏற்றப்பாட்டின் வடிவில் ஞான ஏற்றப்பாட்டைப் பாடினார். பெண்கள் கைகொட்டிச் சுற்றிவரும் கும்மியின் வடிவில், சகுனம், நாள்கோள் முதலிய மூடப்பழக்கங்களைச் சாடிச் சாஸ்திரக் கும்மியை இயற்றினார். தெருக்கூத்தாக ஆடப்பெற்ற நொண்டி நாடகத்தை ஞான நொண்டி நாடகமாக மாற்றினார். தச்சரின் தொழிலை உருவகமாக்கி ஞானத்தச்ச நாடகம் பாடினார். பேரின்பக் காதல், ஆதியானந்தம், ஜெபமாலை முதலிய பிற நூல்களும் அவர் இயற்றியவையே. நூற்றுக்கு மேற்பட்ட நூல்கள் அவர் பெயரால் வழங்குகின்றன.

ஏற்றத்தில் ஏறி மிதித்தவர் யார்? நடவிலும் அறுப்பிலும் குனிந்து நின்று பாடியவர் யார்? தமிழகத்தின் வயல்களில் அவ்வேலையைச் செய்தோரில் பெரும்பகுதியினர் நம் முன்னோரே. நம் ஊர்க் கிணறுகளில் மோட்டார் வருமுன் கமலை இழுத்த நாட்களில் பாட்டு இல்லாமல் இறைவை நடந்ததில்லை என்று நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த மெட்டுகளே சாஸ்திரியாரின் ஏட்டில் ஞானப் பாட்டாயின. ஆகவே அப்பாடல்களில் நமக்குள்ள பங்கு பிறர் போட்ட பிச்சையன்று. அது நாம் முதலீடு செய்த பங்கு.

பாட்டே செபம்

படைப்பை வழிபாடாகக் கொண்ட கலைஞர் உலகெங்கும் தோன்றியிருக்கின்றனர். இத்தாலி நாட்டில் பிளாரன்சு நகரத்துச் சான் மார்க்கோ மடத்தில் பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த பிரா ஆஞ்சலிக்கோ என்னும் துறவி, உடன் துறவியர் தனித்திருந்து தியானிக்கும் சிற்றறைகளின் சுவர்களில் கிறிஸ்துவின் வாழ்வை ஓவியமாகத் தீட்டினார். அவை விற்பதற்கோ விருந்தினர்க்குக் காட்டுவதற்கோ வரைந்தவையல்ல. விடியற்காலையில் கண்விழிக்கும் துறவி முதலில் காணவேண்டிய காட்சி அது என்பதற்காக வரைந்தவை. வண்ணம் குழைத்து வரைவதும் தியானம். வரைந்ததைப் பார்ப்பதும் தியானம்.

சுவரும் வண்ணமும் இல்லாத இடத்தில் தமிழ்ப் புலவருக்குக் கிடைத்தவை சொல்லும் பண்ணும். காலையில் எழும்போதும், இரவில் படுக்கும்போதும், நோயிலும், துயரிலும் வேண்டுதல் செய்வதற்கான பாடல்களைச் சாஸ்திரியார் இயற்றினார். படித்தறிந்தோர் கண்மூடிச் செபம் சொல்வர். படிக்க அறியாதோர்க்கு மனப்பாடமாகும் பாட்டே செபநூல். ஒரு பாட்டைக் கற்றவள் ஒரு நூலைச் சுமந்து செல்பவளாகிறாள். அது நனையாது, கிழியாது, களவு போகாது.

இக்கொள்கை அவருக்குச் சோதனையையும் கொண்டுவந்தது. சரபோஜி மன்னர் அவருடைய புலமையை வியந்து, தம் குலத்தார் வழிபடும் தெய்வத்தின்மீதும் அதுபோல் பாடித்தருமாறு கேட்டார் என்றும், சாஸ்திரியார் பணிவோடு மறுத்தார் என்றும் வழிவழியாகக் கூறப்படுகிறது. மன்னரின் சொல்லை மறுப்பது அந்நாளில் எளிய செயலன்று. சோறு கொடுக்கும் கை அது. எனினும் தம் நாவைத் தம் ஆண்டவருக்கே ஒப்படைத்துவிட்டதாக அவர் கருதினார். மன்னரும் பெருந்தன்மையோடு அதனை ஏற்று நட்பைத் தொடர்ந்தார் என்பர். பிற சமயத்தாரை இகழ்வதற்கு இது பாடமன்று. ஒருவர் தாம் உண்மையென நம்பாத ஒன்றைக் கூலிக்காகப் பாடமாட்டார் என்பதே இதன் பாடம். அத்தகைய மறுப்பை மதித்த மன்னரும் போற்றுதற்குரியவரே.

1829ஆம் ஆண்டுப் பூசல்

இனி, கசப்பான பகுதிக்கு வருவோம்.

தமிழகத்துப் பழைய புராட்டஸ்டண்டு சபைகளில், ஒரே ஆலயத்துக்குள் வேளாளர் முதலியோர் ஒருபுறமும், ஆதிதிராவிட மக்கள் மற்றொருபுறமும் பிரிந்து அமரும் வழக்கம் தரங்கம்பாடிக் காலந்தொட்டே நிலவியது. திருவிருந்தும் உயர்ந்தோர் எனப்பட்டோருக்கு முன்னும், நம்மவர்க்குப் பின்னுமாக வழங்கப்பட்டது. ஒரே கிண்ணத்தில் பருகினால் தீட்டு என்று அஞ்சியவர்கள், எல்லாருக்காகவும் இரத்தம் சிந்தியவர் எனத் தாம் பாடிய ஒருவரின் நினைவாகவே அக்கிண்ணத்தை ஏந்தினர்! பழைய மிஷனெரிமார், சுவார்ட்ஸ் ஐயர் உட்பட, காலப்போக்கில் இது தானே மறையும் என்று பொறுத்துப்போயினர். அது மறையவில்லை. பொறுத்துப்போவதால் எந்தத் தீண்டாமையும் மறைந்ததில்லை.

பின்னர் வந்த இளைய மிஷனெரிமார் இவ்வழக்கத்தை ஒழிக்க முற்பட்டனர். 1829இல் தஞ்சையில் பூசல் முற்றியது. புதியவர்களின் செயல்களைக் கண்டித்துச் சாஸ்திரியார் எழுதினார். அவருடைய முறையீடுகள் நான்கு. பப்ரீசியு ஐயர் மொழிபெயர்த்த பழைய திருமறையைத் தள்ளிப் புதிய மொழிபெயர்ப்பைப் புகுத்துகின்றனர் என்பது ஒன்று. ஆலயத்தில் தமிழ்ப் பண்ணோடு கூடிய பாடல்களைத் தடைசெய்கின்றனர் என்பது ஒன்று. திருமணத்திலும் சாவிலும் பூவைப் பயன்படுத்தலாகாது என்கின்றனர் என்பது ஒன்று. எல்லாச் சாதியாரையும் கலந்து உட்காரவும் கலந்து பருகவும் வற்புறுத்துகின்றனர் என்பது ஒன்று.

சாதி என்பது உலகியல் ஒழுங்கே அன்றிச் சமயத்தோடு தொடர்புடையதன்று என்பது அவர் வாதம். ஐரோப்பியரும் தம் பணியாளரோடு ஒரே மேசையில் உண்பதில்லையே என்றும் அவர் வினவினார். ஐரோப்பியரின் இரட்டை வேடத்தைச் சுட்டியவரையில் அவ்வினா நியாயமானதே. ஆனால் ஓர் அநீதியைக் காட்டி மற்றோர் அநீதிக்கு நியாயம் தேடுவது அறிவுடைமையன்று. மேலும், பணியாள் பணியை விட்டால் பணியாள் அல்லன். பிறப்பினால் ஒதுக்கப்பட்டவன் எதை விட்டு விடுபடுவான்? இக்கேள்வியை அப்பெரும்புலவர் எழுப்பிப் பார்க்கவில்லை.

இப்பூசலின் விளைவாக அவர் மிஷன் பணியிலிருந்து நீங்க நேர்ந்தது. மன்னர் சரபோஜி அவரைப் புலவராக ஆதரித்தார். 1832இல் மன்னரும் மறைந்தார். 1833இல் பிஷப் தானியேல் வில்சன், திருச்சபையில் சாதி வேறுபாடு அடியோடு ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். அது தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் வாசிக்கப்பட்டபோது, ஒன்றாக அமர்வதினும் வெளியேறுவதே மேல் என்று கருதிப் பலர் சபையைவிட்டு வெளியேறினர். நம்மவர் அருகில் அமர்வது அத்துணை பெரிய இழிவாக அவர்களுக்குத் தோன்றியது.

ஒரே முறையீட்டில் தமிழிசைக்காகவும் பூவுக்காகவும் வாதாடிய அதே எழுதுகோல், நம்மைப் பிரித்து வைப்பதற்காகவும் வாதாடியது. முன்னதில் அவர் சரி. பின்னதில் அவர் தவறு. தமிழரின் வழிபாடு தமிழ்ப் பண்ணில்தான் நடக்கவேண்டும் என்று அவர் கண்டது பெரிய உண்மை. காலம் அதை ஏற்றது. தமிழ்க் கீர்த்தனைகள் ஆலயந்தோறும் இடம்பெற்றன. ஆனால் பண்ணையும் பூவையும் சாதியையும் ஒரே மூட்டையில் கட்டி, அனைத்தும் நம் பண்பாடு என்று அவர் சொன்னது பெரும்பிழை. பண்பாடு என்ற பெயரால் சாதியைக் காக்கும் அந்த மூட்டை இன்றும் அவிழ்க்கப்படாமல் பல இடங்களில் கிடக்கிறது.

எவ்வாறு மதிப்பிடுவது?

நாம் பணியில் சேர்ந்த புதிதில் வேறொரு மாவட்டத்துச் சிற்றூரில் சில காலம் தங்கியிருந்தோம். ஊரின் பெயர் இங்கே வேண்டாம். அங்குள்ள ஆலயத்தில் ஒரு கிறிஸ்துமசு இரவு நம் தெருப் பிள்ளைகள் சாஸ்திரியாரின் பாடலை மிக இனிமையாகப் பாடினர். கேட்டவர்கள் கண்கலங்கினர். பாட்டு முடிந்தது, பந்தி தொடங்கியது. பாடிய பிள்ளைகளுக்குத் தனியே, கொட்டகைக்கு வெளியே, இலை போட்டிருந்தார்கள். குரல் உள்ளே போகலாம். ஆள் உள்ளே போகலாகாது! அன்றிரவு நாம் உண்ணாமல் திரும்பினோம். அப்பாடலை இனி என்றும் பாடுவதில்லை என்று மனத்துக்குள் முடிவு செய்தோம்.

அம்முடிவை நாம் பின்னர் மாற்றிக்கொண்டோம். மாற்றியது ஒரு மூதாட்டி. பிள்ளையை இழந்த துயரில், எவருமில்லாத வீட்டில், விளக்கையும் ஏற்றாமல், அந்தப் பாடலையே மெல்லப் பாடிக்கொண்டிருந்தார். பாடியவர் எந்தக் குலம் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்நேரத்தில் அவருக்கு அது பொருளன்று. அந்தப் பாட்டு அவருடையதாகிவிட்டிருந்தது. அவரிடமிருந்து அதைப் பறிக்க நாம் யார் என்று தோன்றிற்று.

உலக வரலாற்றிலும் இதற்கொப்பான செய்தி உண்டு. இங்கிலாந்தைச் சேர்ந்த சான் நியூட்டன், ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாக ஏற்றிச்சென்ற கப்பலின் தலைவராக இருந்தவர். பின்னர்ப் போதகராகி, இறைவனின் வியத்தகு கிருபையைப் போற்றும் பாடலை எழுதினார். அது 1779இல் வெளிவந்தது. 1788இல் அடிமை வாணிகத்தைக் கண்டித்து நூல் எழுதித் தம் பழைய குற்றத்தை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். அடிமைகளின் வழித்தோன்றல்களாகிய அமெரிக்கக் கறுப்பின மக்கள் அப்பாடலைத் தம் விடுதலைப் பாடலாகவே ஆக்கிக்கொண்டனர். நியூட்டன் எழுதியது மனமாற்றம். சாஸ்திரியார் 1829இல் எழுதியதோ பிரிவினைக்குத் துணைநிற்கும் எழுத்து. இவ்வேறுபாட்டை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பாட்டு பாடுவோருடையதாகும் என்ற உண்மை இரண்டிற்கும் பொது.

செபத்தில் மனிதன் தன்னைவிட உயர்ந்த ஒன்றை நோக்குகிறான். அந்நேரத்தில் அவன் வாயிலிருந்து அவனிலும் பெரிய சொற்கள் பிறக்கின்றன. எழுந்து வீட்டுக்குப் போனபின் பழைய மனிதனாகவே ஆகிவிடுகிறான். சாஸ்திரியாருக்கு நேர்ந்தது இதுவே என்று நாம் கருதுகிறோம். அவருடைய குறத்தி எல்லாரையும் அழைத்தாள். அவர் சிலரைப் பிரித்து நிறுத்தினார். நாம் குறத்தியின் பக்கம் நிற்போம்.

இறுதிக் காலம்

மிஷன் பணியை இழந்த பின்னும் சாஸ்திரியார் பாடுவதை விடவில்லை. ஊர்தோறும் சென்று திருமறைக் கதைகளைப் பாட்டும் உரையுமாக விரித்துரைக்கும் காலட்சேபத்தைத் தம் வாழ்க்கைப் பணியாக்கிக்கொண்டார். குடும்பத்தாரும் அதில் பங்குகொண்டனர். சுவிசேடக் கவிராயர் என்று மக்கள் அவரை அழைத்தனர். 1864ஆம் ஆண்டு சனவரி 24ஆம் நாள் தஞ்சையில் அவர் காலமானார். அவருடைய வழித்தோன்றல்கள் தலைமுறை தலைமுறையாகக் காலட்சேப மரபைக் காத்துவந்திருக்கின்றனர்.

இளைஞர்களுக்கு

அன்பார்ந்த இளைஞர்களே! இவ்வரலாற்றிலிருந்து நீங்கள் கொள்ளத்தக்கவை சில.

முதலாவது, கலையை இழிதொழிலாக எண்ணாதீர்கள். பறையும் பாட்டும் கூத்தும் நம் தாழ்வின் அடையாளங்கள் என்று சொல்லி நம்மை நம்ப வைத்தவர்களே, நம் மெட்டுகளை எடுத்துத் தம் ஏட்டில் எழுதிக்கொண்டார்கள். இனி அந்த ஏட்டை எழுதுவது நாமாக இருக்கட்டும். உங்கள் பாட்டிமாரின் தாலாட்டையும் நடவுப் பாட்டையும் ஒப்பாரியையும் அவர்கள் இருக்கும்போதே எழுதிவையுங்கள். கையிலுள்ள கைபேசியில் குரலையும் பதிந்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, எதைச் செய்தாலும் அதை வேண்டுதலைப்போல் செய்யுங்கள். ஆலயத்துக்குக் குடில் கட்டுவோரும், கோயிலுக்குக் கோலமிடுவோரும், பள்ளிச் சுவரில் படம் வரைவோரும், கைதட்டலுக்காகச் செய்யும்போது வேலை சிறுத்துப்போகிறது. ஒரு நோக்கத்துக்கு ஒப்படைத்துச் செய்யும்போது அது நிலைக்கிறது.

மூன்றாவது, பெரியோரை வணங்குவதற்கு முன் படியுங்கள். புகழ்பெற்றவர் என்பதற்காக அவர் பிழையை மூடாதீர்கள். பிழை செய்தார் என்பதற்காக அவர் தந்த நன்மையை எறியாதீர்கள். உமியைப் புடைத்து அரிசியைக் கொள்ளும் முறம் நம் வீட்டுப் பெண்களின் கையில் என்றும் இருந்துவந்திருக்கிறது. கல்வி என்பது அந்த முறமே. அதை நம் பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பதற்காகவே நமது சங்கம் இந்த இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்திருக்கிறது.

வரும் மார்கழியில் நம் பசனைக் குழு புறப்படும்போது அப்பாடல்களைப் பாடட்டும். பாடி முடித்தபின், எந்த வீட்டில் அழைத்தாலும் தலைவாசல் வழியே நுழைந்து, எல்லாரோடும் ஒரே பந்தியில் அமரட்டும். பாடியவர் முடிக்காமல் விட்ட செபம் அப்போதுதான் நிறைவுபெறும்.